எல்மைராவின் தலைச்சன் பிள்ளைகள்: வீடு தேடிச் சென்ற செவிலியர் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெற்ற பிள்ளைக்குச் சூடு வைத்த தாயைப் பற்றிச் செய்தித்தாளில் வரும். பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சலடித்தும் மருத்துவரிடம் தூக்கிப் போகாத தாயைப் பற்றி வராது. இரண்டு வயதுக் குழந்தையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே போவது, தவழும் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் சலவைத் திரவப் புட்டியை வைப்பது, அழுகிற குழந்தையை அழ விட்டே பழக்குவது ஆகியவற்றில் யாரும் கையை ஓங்கவில்லை. ஆனாலும் பிள்ளை கெட்டுப்போகிறது. இதற்குப் பெயர் புறக்கணிப்பு. அமெரிக்காவில் குழந்தைப் பாதுகாப்புத் துறை விசாரித்து உறுதிசெய்யும் வழக்குகளில், அண்மை ஆண்டுகளில், ஏறக்குறைய முக்கால் பங்கு புறக்கணிப்புதான். செய்த குற்றத்தைத் தண்டிக்கச் சட்டம் போதும். செய்யாமல் விட்டதைச் சட்டம் வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி.

இந்தக் கேள்வியைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்த ஊர் எல்மைரா. நியூயார்க் மாநிலம் என்றதும் மனத்தில் எழும் வானளாவிய கட்டடங்களுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை. மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டி, செமங் ஆற்றங்கரையில் கிடக்கும் தொழில் நகரம் அது. மார்க் ட்வெய்ன் கோடைகாலங்களில் தங்கி எழுதியதும் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். ஊருக்கு மிஞ்சிய பெருமை அது ஒன்றே என்று சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடும். 1972 ஜூனில் ஆக்னஸ் புயலோடு வந்த வெள்ளம் நகரத்தின் நடுப்பகுதியை மூழ்கடித்தது. ஏற்கெனவே நலிந்துகொண்டிருந்த தொழில்கள் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பெருநகர வட்டாரங்களைப் பொருளாதார நிலைப்படி வரிசைப்படுத்தியபோது, நாட்டிலேயே கடைசி இடம் இந்த வட்டாரத்துக்குக் கிடைத்தது. அப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்த இந்த மாவட்டம், 1970களில் குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு வழக்குகளின் விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்தது.

அங்கே வந்து சேர்ந்தவர் டேவிட் ஓல்ட்ஸ். 1970இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, பால்டிமோர் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றிலிருந்த குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையோடு போயிருக்கிறார். மதியத் தூக்க நேரத்தில் ஒரு பையன் கண்ணை மூட மாட்டான். காரணம் விசாரித்தால், படுக்கையை நனைத்தால் வீட்டில் அடி விழும். அதனால் அவன் தூங்கவே அஞ்சினான். இன்னொரு பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை. கர்ப்ப காலத்தில் தாய் போதைக்கு அடிமையாக இருந்திருக்கிறாள். நான்கு வயதில் தொடங்குவது காலங்கடந்த வைத்தியம் என்று ஓல்ட்ஸுக்குத் தோன்றியது அங்கேதான். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூரி பிரான்ஃபென்பிரென்னரிடம் ஆய்வு மாணவரானார். பிள்ளையைத் தனியாகப் பார்க்காதே, அது வாழும் வீடு, தெரு, பெற்றோரின் வேலை, அரசின் கொள்கை எல்லாம் சேர்ந்துதான் அதை வளர்க்கின்றன என்று சொல்லிவந்தவர் பிரான்ஃபென்பிரென்னர். கார்னெல் இருக்கும் இதாகாவும் எல்மைராவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

கர்ப்பிணிகளின் வீடு தேடி ஆளனுப்பும் திட்டம் ஒன்றை எல்மைராவுக்காக வகுத்தபோது ஓல்ட்ஸ் எடுத்த முடிவுகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தொடங்குவது. முதன்முறை தாயாகப் போகிறவளுக்குத் தெரியாதது நிறைய, கேட்டுக்கொள்ளும் மனமும் நிறைய. இரண்டாவது பிள்ளைக்காரிக்கு அறிவுரை சொல்லப் போனால் கதவு பாதிதான் திறக்கும். தலைச்சனிடம் படிந்த பழக்கம் அடுத்த பிள்ளைகளுக்கும் கைகொடுக்கும் என்ற கணக்கும் இதில் இருந்தது. இரண்டாவது, போகிறவர் செவிலியராக இருக்க வேண்டும் என்பது. கர்ப்பிணிக்குத் தன் உடம்பைப் பற்றி நூறு சந்தேகம் இருக்கும். அதற்கு விடை சொல்லக்கூடியவர் வந்தால் உள்ளே அழைப்பாள். சமூகநலத் துறை ஊழியர் வந்து கதவைத் தட்டினால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று அஞ்சுவாள்.

நமக்கு இதில் புதுமை என்ன என்று தோன்றும். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். பச்சை உடம்புக்காரியைச் சுற்றி அம்மா, பாட்டி, பெரியம்மா என்று ஒரு கூட்டமே நின்று பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் பத்தியம் சமைப்பதும் நாம் பார்த்ததுதான். (எல்லாத் தாய்வீடும் அப்படி அன்பாக இருப்பதில்லை என்பது வேறு கதை.) கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருவது தமிழ்நாட்டிலும், குடும்பநல மாது வருவது இலங்கையிலும் பல தலைமுறைப் பழக்கம். எல்மைராவில் பதினெட்டு வயதில், மணமாகாமல், வேலையில்லாமல் பிள்ளை பெறப் போகிற ஒருத்திக்கு இவற்றில் எதுவும் கிடையாது. திட்டத்தின் முடிவுகளைப் புரிந்துகொள்ள இந்த இல்லாமையை மனத்தில் வைத்திருப்பது அவசியம்.

1978 ஏப்ரலில் பெயர் பதியத் தொடங்கினார்கள். 1980 செப்டம்பரில் முடித்தார்கள். மொத்தம் 400 பெண்கள். பத்தொன்பது வயதுக்குக் கீழானவர், துணையில்லாதவர், வறியவர் ஆகியோரைத்தான் குறிவைத்தார்கள். ஆனால் முதல் பிரசவம் என்றால் வசதியானவரும் சேரலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்கள். இதை நான் இத்திட்டத்தின் மிக நுட்பமான அம்சமாகக் கருதுகிறேன். ஏழைகளுக்கும் ஒழுக்கம் தவறியவர்களுக்கும் மட்டுமான திட்டம் என்று பெயர் விழுந்தால், தேவைப்பட்டவளே முதலில் ஒதுங்கிப் போவாள். அப்படித் திறந்து வைத்தும், சேர்ந்தவர்களில் 85 விழுக்காட்டினரிடம் அந்த மூன்று இக்கட்டுகளில் ஒன்றாவது இருந்தது.

400 பேரையும் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குப் பிள்ளையின் முதலாவது, இரண்டாவது பிறந்தநாளில் வளர்ச்சிப் பரிசோதனை மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதோடு மருத்துவரிடம் போய்வர இலவச டாக்சி. மூன்றாவது குழுவுக்குக் கூடுதலாகக் கர்ப்ப காலத்தில் செவிலியர் வருகை. நான்காவது குழுவுக்கு அந்த வருகை பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும் வரை நீடித்தது. இதில் 116 பேர். டாக்சி விட்டதால் முதல் இரண்டு குழுக்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு இல்லை. மருத்துவமனை தொலைவு என்பதுதான் சிக்கல் என்றால் டாக்சியே தீர்த்திருக்கும். ஆகவே அவ்விரண்டையும் ஒன்றாக்கி ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போன செவிலியர் என்ன செய்தார்? கர்ப்ப காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனார். பிள்ளை பிறந்ததும் ஆறு வாரம் வாராவாரம். அப்புறம் இடைவெளி கூடிக்கொண்டே போய், இரண்டாவது ஆண்டின் கடைசியில் ஆறு வாரத்துக்கு ஒன்று. வீட்டில் நெருக்கடி என்றால் மறுபடியும் வாராவாரம். சராசரியாகப் பிரசவத்துக்கு முன் ஒன்பது முறையும் பின் இருபத்து மூன்று முறையும் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல். எடை ஏறுகிறதா, என்ன சாப்பிடுகிறாள், சிகரெட் எத்தனை, எந்த அறிகுறி தெரிந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பவை முதலில். பிறகு பிள்ளையின் அழுகைக்குப் பொருள் சொல்வது, காய்ச்சல் பார்க்கக் கற்றுக்கொடுப்பது, எட்டுமாதப் பிள்ளை பொருள்களை வீசுவது குறும்பே தவிர வன்மம் இல்லை என்று விளக்குவது. அடுத்த பிள்ளை எப்போது, படிப்பைத் தொடர்வாயா, வேலை தேடுவாயா என்ற பேச்சும் கூடவே நடந்தது. பிள்ளையின் தகப்பனையும், பெண்ணின் தாயையும், தோழிகளையும் முடிந்த மட்டும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது செவிலியருக்கு இடப்பட்ட பணி. தான் போன பிறகும் அங்கே இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தானே.

அறிவுரை சொல்லும் தொனி கூடாது என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. அந்தப் பெண் நன்றாகச் செய்வது எது என்று தேடிப் பிடித்து அதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். எளிதாகச் சொல்லிவிடலாம். சமையலறை நாற்றமும், வாடகை கேட்டு வாசலில் நிற்கும் வீட்டுக்காரரும், டிவிச் சத்தமும் இருக்கிற வீட்டில், பாராட்டுவதற்கு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பது தேர்ந்த கைக்கே வரும்.

இனி முடிவுகள். 1986இல் வெளியான முதல் அறிக்கையில் இருந்த ஒரு கணக்கைத்தான் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வறிய, மணமாகாத, பதின்வயதுத் தாய்மாரை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒப்பீட்டுக் குழுவில் 19 விழுக்காட்டினர் மீது முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுமை அல்லது புறக்கணிப்பு உறுதியானது. செவிலியர் வந்த வீடுகளில் 4 விழுக்காடு. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் இந்தச் சிறு பிரிவில் இருந்த பெண்கள் மிகச் சிலர். இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பை அவர்களே 0.07 என்று கணக்கிட்டார்கள், 0.05க்குக் கீழே வந்தால்தான் ஏற்பது ஆய்வுலக வழக்கம். நானூறு பேரையும் சேர்த்துப் பார்த்தால் அப்படியொரு பெரிய வேறுபாடு அப்போது தென்படவில்லை. இத்திட்டத்தை விற்கப் புறப்பட்ட பலர் அந்த 19ஐயும் 4ஐயும் எடுத்துக்கொண்டு 0.07ஐ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஓல்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை என்பதை அவருக்குக் கடனாகச் சொல்லியாக வேண்டும். ஒரு ஊரின் முடிவை நம்பி நாடு முழுக்கப் பரப்பக் கூடாது என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தவர் அவர்.

அடுத்த அறிக்கை இன்னும் சிக்கலானது. செவிலியர் வருகை நின்ற பிறகான இரண்டு ஆண்டுகளில், அதாவது பிள்ளைகளின் மூன்றாவது, நான்காவது வயதில், உறுதியான வழக்குகளின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. திட்டம் நின்றதும் பலனும் நின்றுவிட்டதா? அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே காலத்தில், அதே பிள்ளைகள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனது செவிலியர் கண்ட குடும்பங்களில் 35 விழுக்காடு குறைவு. காயங்களும், விழுங்கக் கூடாததை விழுங்கிய சம்பவங்களும் 40 விழுக்காடு குறைவு. வழக்குகள் அதே அளவு, காயங்கள் மட்டும் குறைவு என்றால் எங்கோ எண்ணிக்கை பிசகுகிறது.

பிசகியது எண்ணும் கண்தான். செவிலியர் வந்துபோகும் வீட்டைப் பார்க்கும் கண்கள் அதிகம். செவிலியர் இந்தக் குடும்பத்தை மருத்துவரோடும் பிற உதவி அமைப்புகளோடும் இணைத்துவிட்டுத்தான் விடைபெற்றார். அவர்களில் பலர் சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டத்தால் கட்டுண்டவர்கள். பக்கத்து வீட்டில் இதைவிட மோசமாக நடந்தாலும் யார் கண்ணிலும் படாது. இந்த வீட்டில் சிறு பிழையும் பதிவாகும். ஓல்ட்ஸின் குழு வழக்குப் பதிவான பிள்ளைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது இது தெளிவானது. செவிலியர் கண்ட குடும்பங்களில் பதிவான வழக்குகள் ஒப்பளவில் கடுமை குறைந்தவை.

புறக்கணிப்பை வழக்குகளால் எண்ணும் எந்தத் திட்டமும் இந்தக் கண்ணியில் மாட்டும். தடுப்பவரும் புகார் செய்பவரும் ஒருவரே என்றால், வேலையை நன்றாகச் செய்யச் செய்ய எண்ணிக்கை ஏறவும் செய்யலாம். நம் ஊரில் ஒரு நலத்திட்டத்தை ஓராண்டுப் புள்ளிவிவரத்தை வைத்து வெற்றி என்றோ தோல்வி என்றோ அறிவிக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எல்மைராவின் இந்த இரண்டாவது அறிக்கை நினைவுக்கு வரும்.

காத்திருந்தார்கள். 1997இல் பதினைந்து ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. 324 குடும்பங்களைத் தேடிப் பிடித்திருந்தார்கள். இப்போது தாயின் பெயரில் உறுதியான வழக்குகள் ஒப்பீட்டுக் குழுவில் சராசரியாக 0.54, இரண்டு வயது வரை செவிலியர் கண்ட குழுவில் 0.29. ஏறத்தாழ பாதி. இந்த முறை தற்செயல் என்று தள்ள இடமில்லை. மணமாகாத வறிய பெண்களிடம் வேறு மாற்றங்களும் தெரிந்தன. முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் இடைவெளி ஒப்பீட்டுக் குழுவில் 37 மாதம், இவர்களுக்கு 65 மாதம். அரசின் உதவித்தொகையில் வாழ்ந்த காலம் அங்கே 90 மாதம், இங்கே 60.

இந்த எண்களை நான் ஒரு கோவையாகவே படிக்கிறேன். கைக்குழந்தை இடுப்பில் இருக்கையிலேயே அடுத்தது வயிற்றில் வந்தால், இருபது வயதுப் பெண்ணுக்குப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை, பொறுமையும் இல்லை. ஐந்தாண்டு இடைவெளி அவளுக்கு மூச்சு விட நேரம் தருகிறது. புறக்கணிப்பு குறைந்ததில், பிள்ளையின் அழுகையைப் புரிந்துகொள்ளக் கற்றதன் பங்கு எவ்வளவு, அடுத்த பிள்ளை தாமதமாக வந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். என் ஊகம், பின்னதற்கே கூடுதல் பங்கு. செவிலியர் வருகை நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் வேறுபாடு விரிந்துகொண்டே போனதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்த நல்ல செய்தியின் நடுவே 2000ஆம் ஆண்டில் ஜான் எக்கன்ரோடும் ஓல்ட்ஸ் குழுவினரும் ஒரு கசப்பான கணக்கை வெளியிட்டார்கள். வீட்டில் ஆண் கைநீட்டிய சம்பவங்கள் எத்தனை என்று அந்தத் தாய்மாரிடமே கேட்டிருந்தார்கள். சம்பவங்கள் கூடக் கூடத் திட்டத்தின் பலன் தேய்ந்தது. பதினைந்து ஆண்டுகளில் 28 சம்பவங்களுக்கு மேல் சொன்ன வீடுகளில், செவிலியர் வந்ததற்கும் வராததற்கும் வேறுபாடே காணோம். அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர். அடிபடும் தாய்க்குக் குழந்தை வளர்ப்புப் பாடம் சொல்லிப் பயனில்லை என்பது யோசித்தால் யாருக்கும் தெரிகிற விஷயம்தான். ஆனால் திட்டத்தை வகுத்தபோது யாரும் அதை யோசித்திருக்கவில்லை. செவிலியரின் கையேட்டில் தாயின் உணவு இருந்தது, புகைப்பழக்கம் இருந்தது, பிள்ளையின் மலச்சிக்கல் இருந்தது. பக்கத்து அறையில் தூங்கும் ஆண் ஒரு துணையாகத்தான் இருந்தான், ஆபத்தாக இல்லை.

எல்மைராவில் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையர். எனவே வேறு ஊர், வேறு மக்கள் என்று சோதித்துப் பார்க்க ஓல்ட்ஸ் புறப்பட்டார். 1990இல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ். 1,139 பெண்கள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறுப்பினத்தவர். அங்கே வழக்குகளுக்குப் பதில் காயங்களைக் கணக்கிட்டார்கள். காயத்துக்காகப் பிள்ளைகள் மருத்துவமனையில் கிடந்த நாட்கள் செவிலியர் கண்ட குழுவில் மிகவும் குறைவு. 2014இல் வெளியான இருபதாண்டுக் கணக்கில், தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்த பிள்ளைகள் ஒப்பீட்டுக் குழுவில் 1.6 விழுக்காடு, பிறந்த பின்னும் செவிலியர் கண்ட குழுவில் ஒருவர்கூட இல்லை.

1994இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர். 735 பெண்கள். இங்கே கேள்வி வேறு: செவிலியர்தான் போக வேண்டுமா? அதே தெருவில் வாழ்ந்த, மருத்துவப் படிப்பில்லாத, ஆனால் நல்ல பயிற்சி பெற்ற பெண்கள் போனால் ஆகாதா? செலவு குறையும், மொழியும் ஒத்துப்போகும். அப்படி ஒரு குழுவையும் செவிலியர் குழுவையும் ஒரே ஊரில் இறக்கினார்கள். பயிற்சி பெற்ற பெண்களால் கிடைத்த பலன் செவிலியரால் கிடைத்ததில் ஏறக்குறைய பாதி. பல அளவுகோல்களில் அந்தப் பாதியும் உறுதிப்படவில்லை. ஹவாய் மாநிலம் 1985 முதல் இத்தகைய பெண்களை வைத்தே நடத்திய திட்டமும் பின்னர் சோதிக்கப்பட்டபோது புறக்கணிப்பைக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, கிராமத்துப் பெண்களால் ஆகாது என்று யாரேனும் முடிவு கட்டினால் தவறு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் தம்பதி பயிற்சி கொடுத்த கிராமப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பச்சிளங்குழந்தைகளைக் கவனித்ததில், மூன்றாம் ஆண்டில் பிறந்த ஒரு மாதத்துக்குள்ளான சாவு ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 62 விழுக்காடு குறைந்தது. 1999இல் லான்செட் மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. அங்கே பகை நிமோனியாவும் குளிரும் கிருமியும். சுற்றி வேறு எந்த மருத்துவ வசதியும் இல்லாத இடத்தில், தெரிந்த ஒருத்தி சரியான நேரத்தில் வந்தாலே உயிர் பிழைக்கிறது. டென்வரில் பகை நிமோனியா இல்லை.

சுற்றி என்ன இருக்கிறது என்பதன் எடை இங்கிலாந்தில் தெரிந்தது. அங்கே 2007இல் இதே திட்டத்தைக் குடும்பச் செவிலியர் கூட்டாண்மை என்ற பெயரில், பத்தொன்பதும் அதற்குக் கீழும் வயதுள்ள தாய்மாருக்காகத் தொடங்கினார்கள். பதினெட்டு இடங்களில், 1,600க்கு மேற்பட்ட பெண்களை வைத்துக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தபோது திட்டத்தை நம்பியிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புகைத்தவர்கள் இரு தரப்பிலும் 56 விழுக்காடு. இரண்டு ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றவர்கள் இரு தரப்பிலும் 66 விழுக்காடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியது செவிலியர் கண்ட தரப்பில் சற்றே அதிகம்கூட. பிள்ளைகள் பள்ளிக்குப் போன வயதில் மீண்டும் பார்த்தார்கள்: கொடுமை, புறக்கணிப்பு அளவுகளில் வேறுபாடு இல்லை, ஆனால் பள்ளிக்குத் தயாராக வந்ததில் கொஞ்சம் முன்னே நின்றார்கள்.

ஒரே திட்டம், ஒரே பயிற்சி, அங்கே பலித்தது இங்கே பலிக்கவில்லை. இங்கிலாந்தில் எந்தத் தாய்க்கும் மகப்பேற்றுச் செவிலியர் இலவசம். பிரசவத்துக்குப் பிறகு நலவருகையாளர் என்ற செவிலியர் எல்லா வீட்டுக்கும் வருவார். 1862இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதிப் பெண்கள் சங்கம் ஒன்று ஏழை வீடுகளுக்கு ஆள் அனுப்பத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்த மரபு அது. அதாவது அங்கே ஒப்பீட்டுக் குழு வெறுங்குழு இல்லை. எல்மைராவின் ஒப்பீட்டுப் பெண்ணுக்கு யாருமில்லை. இங்கிலாந்தின் ஒப்பீட்டுப் பெண்ணுக்கு ஓரளவுக்கு ஏற்கெனவே எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வரும் செவிலியரின் மதிப்பு, அந்த வீட்டுக்கு வேறு யாரெல்லாம் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் துணிபு.

என் துணிபுக்கு நெதர்லாந்து ஒத்துழைக்கவில்லை. அங்கேயும் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அதே திட்டத்தை 460 பெண்களிடம் சோதித்தபோது, மூன்று வயதுக்குள் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் போனது ஒப்பீட்டுக் குழுவில் 19 விழுக்காடு, செவிலியர் கண்ட குழுவில் 11. இங்கிலாந்தில் சேர வயது போதுமாக இருந்தது. நெதர்லாந்தில் இருபத்தாறு வயதுக்குள் இருக்க வேண்டும், படிப்பு குறைவாக இருக்க வேண்டும், அதற்குமேல் தனிமை, வேலையின்மை, வீட்டு வன்முறை போன்ற இக்கட்டுகளில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டுச் சலித்தெடுத்தார்கள். வசதிகள் நிறைந்த நாட்டிலும் அவை எட்டாத வீடு இருக்கத்தான் செய்கிறது; அதைத் தேடிப் பிடித்தால் செவிலியருக்கு அங்கே வேலை இருக்கிறது என்று நான் திருத்திக்கொள்கிறேன்.

பணக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. எல்மைரா எண்களை வைத்து ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, இக்கட்டு மிகுந்த குடும்பங்களில் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 5.70 டாலர் சமூகத்துக்குத் திரும்பியது. இக்கட்டு குறைந்த குடும்பங்களில் 1.26 டாலர் மட்டுமே. ஆனாலும் அரசியல் கணக்கு சலித்தெடுப்பதை விரும்பாது, பரப்புவதையே விரும்பும். 2010இல் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தோடு சேர்த்து, வீட்டு வருகைத் திட்டங்களுக்கு ஐந்தாண்டுக்கு 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஓல்ட்ஸின் திட்டம் அதில் பயன்பெற்ற பலவற்றுள் ஒன்று. தென் கரோலினா மாநிலத்தில் 2016 முதல் 5,670 பெண்களைச் சேர்த்து நடத்திய பெரிய சோதனையில், குறைப்பிரசவம், எடைக்குறைவு முதலான பிரசவச் சிக்கல்கள் செவிலியர் கண்ட குழுவில் 26.9 விழுக்காடு, மற்றதில் 26.1. எல்மைரா தொடங்கியபோது இல்லாத எத்தனையோ உதவிகள் இதற்குள் ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கத் தொடங்கிவிட்டன என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

எக்கன்ரோடின் அந்த 28 சம்பவங்களை யாரும் மறக்கவில்லை. வீட்டில் அடிபடும் தாயை எப்படி அடையாளம் காண்பது, என்ன கேட்பது, எங்கே அனுப்புவது என்று செவிலியருக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, வழக்கமான வருகையோடு இணைத்து, அமெரிக்காவின் எட்டு மாநிலங்களில் பதினைந்து இடங்களில் சோதித்தார்கள். 492 பெண்கள் சேர்ந்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. பிள்ளைக்கு இரண்டு வயது ஆனபோது, அந்தப் பயிற்சி பெற்ற செவிலியர் வந்த வீடுகளில் தாய்மாரின் வாழ்க்கைத் தரம், வழக்கமான செவிலியர் வந்த வீடுகளில் இருந்ததைவிட மேலாக இல்லை.